கினோசசு: பழங்கதையும் புதைபொருளும்

பழங்கதைகளை வரலாறென்றே முழுமையாக ஏற்றுக்கொள்வோரும் உளர். அவற்றை வெறுங் கட்டுக்கதையென்று முழுமையாகத் தள்ளிவிடுவோரும் உளர். ஒன்றுக்கொன்று முரண்பட்டன போலத் தோன்றும் இவ்விரு கொள்கைகளும் அடிப்படையில் ஒரே குற்றமுடையன. கதையைக் கதையாகவும், மண்ணினின்று வெளிப்படும் சான்றைச் சான்றாகவும் வேறுவேறாக நிறுத்தி ஆராயாமையே அக்குற்றமாம். இக்குற்றம் எவ்வாறு நேர்கின்றது, அதனை அறிஞர் எவ்வாறு உணர்ந்து திருத்துகின்றனர் என்பதற்குக் கிறீற்றுத் தீவிலுள்ள கினோசசு நகரின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கிறீற்றுத் தீவு ஈசியன் கடலின் தென்னெல்லையிற் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 160 மைல் நீண்டு கிடப்பது. வடக்கே கிரேக்க நாடும், கிழக்கே சின்னாசியாவும் சிரியாவும், தெற்கே எகிப்தும் சூழ நடுவே அமைந்தமையால், பண்டைக் காலத்துக் கடல் வாணிகத்துக்கு அஃது ஓர் இயல்பான தங்குதுறையாயிற்று. அத்தீவின் வடகரையிலுள்ள இராக்கிளியோன் நகருக்குத் தெற்கே மூன்று மைல் அளவில், ஒலிவ மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த பள்ளத்தாக்கிடையே கெபாலா எனப் பெயரிய தாழ்ந்த மேடொன்று உளது. கினோசசு மாளிகை புதைந்து கிடந்தது இம்மேட்டிலேயாம். மாளிகைக்கு அடியிற் புதிய கற்காலக் குடியிருப்பின் மண்படைகள் பல அடி ஆழத்துக்குச் செல்கின்றன. கி. மு. 7000 அளவிலேயே உழவுத் தொழில் அறிந்த மக்கள் இங்கு வந்து குடியேறினர் என்பது அப்படைகளால் அறியப்படுகின்றது. ஆகவே, மாளிகை எழுந்தபோது அவ்விடம் ஏற்கெனவே ஐயாயிரம் ஆண்டு முதுமை எய்தியிருந்தது.

அம்மாளிகை மண்ணுள் மறைந்தபின்னரும் அவ்வூரின் பெயர் மறையவில்லை. கிரேக்கர் அதனைக் கதையிற் போற்றி வைத்தனர். தேவர்க்கரசனாகிய சியூசு காளை வடிவங் கொண்டு பினீசிய நாட்டு இளவரசி யூரோப்பாவைத் தன் முதுகிலேற்றிக் கடல் கடந்து கிறீற்றுக்குக் கொணர்ந்தான். அவள் வயிற்றிற் பிறந்த மக்களுள் ஒருவனே மினோசு. அவன் அரசுரிமை வேண்டிக் கடற்றெய்வமாகிய பொசைடனை வழிபட, கடலினின்று வெண்காளையொன்று வெளிப்பட்டது. அதனைப் பலியிடுவதாக வாக்களித்திருந்த மன்னன், அதன் அழகில் மயங்கி அதனைத் தனக்கென வைத்துக்கொண்டு வேறொரு காளையைப் பலியிட்டான். வாக்குத் தவறியதன் பயன் அவன் மனையின்கண்ணே விளைந்தது. அரசி பசிபாயி அக்காளைமீது தகாத காதல் கொண்டு, மனித உடலும் காளைத் தலையும் உடைய மினோற்றோர் என்னும் பூதத்தைப் பெற்றாள். அதனை மறைத்து வைத்தற்பொருட்டு, ஏதென்சு நகரத்துக் கம்மியனாகிய டீடலசு, உட்புகுந்தோர் மீளவியலாத இலபிரிந்து என்னும் சுழல்வழிக் கட்டடத்தை அமைத்தான்.

மினோசின் மைந்தன் ஏதென்சு நாட்டில் மாண்டதற்குத் தண்டமாக, ஒன்பது ஆண்டுக்கொருமுறை ஏழு இளைஞரும் ஏழு கன்னியரும் ஏதென்சிலிருந்து கிறீற்றுக்கு அனுப்பப்பட்டு, அப்பூதத்துக்கு இரையாயினர். மூன்றாம் முறை ஏதென்சு வேந்தனின் மகன் தீசியசு தானே விரும்பிச் சென்றான். மினோசின் மகள் அரியாத்னே அவன்மீது காதல் கொண்டு நூலுருண்டையொன்றைக் கொடுத்தாள். அந்நூலை வாயிலிற் கட்டி அவிழ்த்துக்கொண்டே உட்சென்ற தீசியசு, பூதத்தைக் கொன்று, நூலைப் பற்றியே வெளிப்போந்தான். தன்னைக் காத்தவளை நக்சோசுத் தீவிற் கைவிட்டான். வெற்றியுடன் மீண்டால் வெண்பாய் விரிப்பதாகத் தந்தைக்குக் கூறியதை மறந்து கரும்பாயுடனேயே திரும்பினான். அதனைக் கண்ட முதியவேந்தன் கடலில் வீழ்ந்து மாய்ந்தான். இக்கதையில் ஒருவரும் பழியின்றித் தப்பவில்லை. மன்னன் வாக்குத் தவறினான். வீரன் நன்றி மறந்தான். கம்மியனும் தன் கைத்திறத்தாலேயே தன் மகன் இக்காரசை இழந்தான். கதை நெடுங்காலம் நிலைத்தமைக்கு இவ்வறப்பொருளும் ஒரு காரணமாகலாம்.

கிரேக்கரும் இதனை ஒரே நோக்கில் நோக்கினாரல்லர். ஓமரின் காவியங்களில் மினோசு கொடியவனாகக் காட்சியளிக்கவில்லை. அவன் சியூசின் அன்புக்குரியவன். கினோசசு தொண்ணூறு நகரங்களையுடைய கிறீற்றின் தலைநகர். டீடலசு அங்கு அரியாத்னேக்காக அமைத்தது ஆடற்களமேயன்றிச் சிறைக்கூடமன்று. வரலாற்றாசிரியராகிய துசிடைடீசு, முதன்முதற் கடற்படை அமைத்துக் கொள்ளைக்காரரை அடக்கியவன் மினோசு என மரபு கூறுவதாகக் குறித்தார். அவருக்கு முற்பட்ட எரொடோட்டசோ, கடலாட்சியை நாடிய மன்னருள் முதல்வனாகச் சாமோசுத் தீவின் பொலிக்கிரத்தீசைக் கூறுமிடத்து மினோசை விலக்கி நிறுத்தினார். மானிட மரபினரின் காலமென அறியப்பட்ட எல்லைக்கு அப்பாற்பட்டவன் அவன் என்பதே அவர் கருத்து. கி. மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கதைக்காலத்துக்கும் வரலாற்றுக்காலத்துக்குமிடையே எல்லையிடும் முயற்சி தோன்றிவிட்டமை இதனாற் புலனாகும். பிற்காலத்தவராகிய புளூட்டாக், இலபிரிந்து சாதாரணச் சிறைச்சாலையே எனக் கிறீற்றவர் கூறியதாக ஒரு செய்தியைப் பாதுகாத்துள்ளார். மொழிவளமும் இலக்கியமும் உடைய நகரொன்றின் பகையைத் தேடிக்கொண்டமையாலேயே மினோசின் பெயர் கெட்டது என்று அவர் கூறுவதும் ஊன்றி நோக்கத்தக்கது. ஏதென்சின் நாடக அரங்குகளில் மினோசு கொடுங்கோலனாகவே நடமாடினான்; கிறீற்றின் சார்பிற் பேச அங்கு எவரும் இருந்திலர்.

கினோசசை முதலில் அகழ்ந்தவர் ஓர் ஐரோப்பியப் பேராசிரியரல்லர். இராக்கிளியோன் நகரத்து வணிகராகிய மினோசு கலோக்கைரினோசு என்பவரேயாவர். பழைய மன்னனின் பெயரையே தாமும் தாங்கிய அவர், 1878ஆம் ஆண்டிற் கெபாலா மேட்டிற் சில வாரங்கள் அகழ்ந்து, மாளிகையின் மேற்புறக் களஞ்சியங்களையும் அங்கு நிரையாக நின்ற பெருந்தாழிகளையும் கண்டார். அக்காலத்திற் கிறீற்றுத் துருக்கியரின் ஆட்சியின்கீழ் இருந்தது. எடுக்கப்படும் பொருள்கள் கொன்சுதாந்திநோபிளுக்குக் கொண்டுபோகப்படும் என அஞ்சிய தீவின் மன்றத்தார் அகழ்வை நிறுத்தினர். துரோய் நகரைக் கண்டு புகழ்பெற்ற சிலீமன் இந்நிலத்தை விலைக்கு வாங்க முயன்றும் இயலாமல் 1890இல் இறந்தார். 1898ஆம் ஆண்டுக் கலகத்திற் கலோக்கைரினோசின் இல்லம் எரியுண்டது. அவர் தொகுத்து வைத்திருந்த பொருள்களும் அழிந்தன. வழி கண்டவர் பெயர் பின்னர் வந்தவரின் புகழில் மறைந்துபோயிற்று.

பின்னர் வந்தவர் ஆங்கில அறிஞராகிய ஆதர் எவன்சு. ஒச்சுபோட்டிலுள்ள அச்மோலியன் நூதனசாலையின் பொறுப்பாளராயிருந்த அவரைக் கிறீற்றுக்கு ஈர்த்தவை சிறிய முத்திரைக் கற்களேயாம். அவற்றிற் பொறிக்கப்பட்டிருந்த குறிகள் அறியப்படாத எழுத்தாகலாம் என ஐயுற்று, 1894இல் அவர் முதன்முறையாக அத்தீவை அடைந்தார். துருக்கியராட்சி நீங்கியபின் நிலம் முழுவதையும் விலைக்கு வாங்கி, 1900ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் அகழ்வைத் தொடங்கினார். அனுபவம் மிக்க தங்கன் மக்கென்சி நாட்குறிப்புகளை எழுதி அகழ்வை நடத்தினார். தொடங்கிய சில நாட்களிலேயே எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் கிடைத்தன. சில வாரங்களுள், சுவரோடு சார்ந்து நின்ற கல்லாசனமொன்றைக் கொண்ட சிற்றறை வெளிப்பட்டது. அதனை அரியணை மண்டபம் என எவன்சு அழைத்தார். ஐரோப்பிய நிலத்தில் அதற்குமுன் எவரும் அறிந்திராத ஒரு பெரு நாகரிகம் வெளிப்படுவதை உணர்ந்த அவர், அதற்கு மினோவ நாகரிகம் என்னும் பெயரை உலகெங்கும் வழங்கச் செய்தார்.

வெளிப்பட்ட மாளிகையின் இயல்பு வியப்புக்குரியது. கி. மு. 1900 அளவில் முதல் மாளிகை எழுந்தது. கி. மு. 1700 அளவில் அஃது அழிவுற, அதன்மேல் இரண்டாம் மாளிகை முன்னையதினும் சிறப்பாக அமைக்கப்பட்டது. நடுவே வடக்குத் தெற்காக ஏறக்குறைய 160 அடி நீளமும் 80 அடிக்கு மேற்பட்ட அகலமுமுடைய முற்றம்; அதனைச் சூழ நாற்புறமும் அறைகள், படிக்கட்டுகள், ஒடுங்கிய நடைகள். மேற்கே வழிபாட்டு அறைகளும், அவற்றின் பின்னே எண்ணெயும் தானியமும் நிறைத்த தாழிகள் நின்ற நீண்ட களஞ்சியங்களும் அமைந்தன. கிழக்கே நிலம் சரிந்தமையால், பல அடுக்குகளாகக் கட்டடம் கீழிறங்கிற்று. அவ்வடுக்குகளுக்கு ஒளியும் காற்றும் புகுதற்கெனக் கூரையற்ற ஒளிக்கிணறுகள் விடப்பட்டன. அடி ஒடுங்கி முடி பருத்த மரத்தூண்கள் கூரையைத் தாங்கின. ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் வழியே நீர் வந்தது. கல்லாலமைந்த வடிகால்கள் மழைநீரையும் கழிவையும் அகற்றின. இத்தகைய மாளிகை ஒருநாளில் ஒருவன் வரைந்த திட்டத்தின்படி எழுந்ததன்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டப்பட்டது. ஆகவே, அதனுட் புகுவோர்க்கு நேர்வழி காண்டல் எளிதன்று. பாழடைந்த சுவர்களைக் கண்ட பிற்காலத்துக் கிரேக்கர், அதனை மீளாவழிக் கட்டடமென எண்ணியிருத்தல் இயல்பே.

காளையோ எங்கும் காணப்பட்டது. வடவாயிலின் அருகே பாய்ந்துவரும் காளையின் புடைப்புருவம் சுதையால் அமைந்திருந்தது. மாளிகை வீழ்ந்தபின்னும் அது நெடுங்காலம் வழிப்போக்கர் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கலாம் என எவன்சு கருதினார். விரைந்தோடும் காளையின் கொம்பைப் பற்றுவோரும், அதன் முதுகின்மேற் குட்டிக்கரணமிடுவோரும், பின்னே நின்று ஏந்துவோருமாக இளையோரைக் காட்டும் சுவரோவியம் உலகப் புகழ் பெற்றது. காளைத்தலை வடிவான கல்லேனங்களும், காளைக் கொம்பு வடிவாகக் கட்டடங்களின்மேல் வைக்கப்பட்ட கற்களும் கிடைத்தன. இவ்வாட்டத்தின் புகழ் கடல் கடந்தும் பரவியிருந்தது. எகிப்தின் நீலநதிக் கழிமுகத்திலுள்ள பழைய அவாரிசு நகரிலும் காளை தாண்டுவோரைக் காட்டும், மினோவ மரபில் வரைந்த ஓவியத் துண்டுகள் 1990களில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இருபுறமும் வாயுடைய கோடரியின் வடிவம் மாளிகைக் கற்களிற் பலவிடத்தும் பொறிக்கப்பட்டிருந்தது. அக்கோடரிக்கு இலிதிய மொழியில் இலபிரிசு என்பது பெயராதலின், இலபிரிந்து என்னுஞ் சொல் இருவாய்க் கோடரியின் இல்லம் எனப் பொருள்படும் என எவன்சு வாதித்தார். அச்சொல்லாராய்ச்சி இன்றும் ஐயத்துக்கிடமானதே.

கதை அகழ்வுக்கு வழி காட்டிற்று என்பதை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின், வழிகாட்டி வந்த கதையே கண்டவற்றுக்குப் பொருள் கூறவும் தொடங்கியபோது இடர் விளைந்தது. மினோசு மன்னனின் மாளிகையைத் தேடிய எவன்சு, ஆசனமொன்றைக் கண்டவுடன் அதில் மன்னனையே இருத்தினார். ஓர் அறை அரசனுக்கும், மற்றோர் அறை அரசிக்கும் உரியதாயிற்று. அவ்வாசனத்தில் அமர்ந்தவர் மன்னனோ, பூசகரோ, தெய்வக்கோலம் புனைந்த பெண்ணோ என்பது பின்னர் வந்த அறிஞரிடையே பெரும் வாதத்துக்குரிய பொருளாயிற்று. கினோசசில் ஆண்ட மன்னனின் உருவமென ஐயத்துக்கிடமின்றிக் கூறத்தக்க ஓவியம் ஒன்றேனும் கிடைத்திலது.

சிதைந்த ஓவியங்களைச் செப்பனிட்ட முறையிலும் இவ்விருப்பமே மேலோங்கிற்று. எவன்சின் கீழ்ப் பணியாற்றிய கிலியெரோன் என்னும் தந்தையும் மகனும் சிறுசிறு துண்டுகளை இணைத்து, இல்லாத பகுதிகளைத் தம் கற்பனையால் நிரப்பினர். அல்லிப்பூ முடியணிந்த இளவரசன் என உலகம் போற்றிய ஓவியத்தின் துண்டுகள் ஒரே உருவத்துக்குரியனவல்ல என்று பிற்கால ஆராய்ச்சியாளர் வாதித்தனர். குங்குமப்பூக் கொய்யும் நீலநிறச் சிறுவன் எனத் தீட்டப்பட்ட உருவம் உண்மையிற் குரங்கினுடையது என்பதும் பின்னரே தெளிவாயிற்று. 1920களிற் சீமெந்தையும் இரும்பையும் கொண்டு மாளிகையின் மேல்மாடிகளும் தூண்களும் எழுப்பப்பட்டன. இன்று அங்குச் செல்வோர் காணும் செந்நிறத் தூண்கள் வெண்கலக்காலத்தனவல்ல, இருபதாம் நூற்றாண்டினவே.

எனினும் எவன்சைக் குற்றம் கூறி அமைதல் நீதியன்று. வெளிப்பட்ட கற்களிற் பல மழையிற் கரையும் இயல்புடையன. கருகிப்போன மரத்தூண்களின்மேல் மண்ணின் பிடிப்பினால் மட்டுமே நின்ற பெரும்படிக்கட்டை, அகழும்போதே தாங்கி நிறுத்தாதிருந்தால் அது சரிந்தே போயிருக்கும். அவர் தம் பெருஞ்செல்வத்தை இப்பணியிலேயே செலவிட்டார். 1921 முதல் 1935 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த அவரது நூல் இன்றும் இத்துறையின் அடித்தளமாக விளங்குகின்றது. சான்றைத் திரட்டியவரும் அவரே. அச்சான்றின்மேற் கதையைப் போர்த்தவரும் அவரே. ஒருவரிடத்தேயே இவ்விரண்டும் பொருந்துதல் அறிஞருலகிற் புதுமையன்று.

அவர் கொண்ட மற்றொரு கொள்கை நீண்டகாலத் தடையாயிற்று. மினோவர் கிரேக்கரல்லர், அவர்களே கிரேக்க நாட்டுப் பெருநிலத்தையும் ஆண்டனர், கினோசசின் இறுதிக் காலம்வரை அங்கு வேற்றவர் ஆட்சி நிகழவில்லை என்பன அவர்தம் துணிபு. பெருநிலத்து மைசீனியர் தனித்த ஆற்றலுடையோர் என்றும், கினோசசின் இறுதிக் காலத்தில் அவர்தம் செல்வாக்கே மேலோங்கியது என்றும் அலன் வேசு, காள் பிளேகன் ஆகிய அறிஞர் கூறியபோது, எவன்சின் பெரும்புகழின் முன் அவ்வுரை எடுபடவில்லை. இவ்வழக்கைத் தீர்க்கவல்ல சாட்சி களிமண் பலகைகளே. ஆனால் எவன்சு அவற்றுட் சிலவற்றையே வெளியிட்டார். வரிவடிவ எழுத்து 'அ' எனவும் 'ஆ' எனவும் அவர் வேறுபடுத்திய இருவகை எழுத்துகளுள், பின்னதிலமைந்த கினோசசுப் பலகைகளின் தொகுதி 1952இலேயே, அவர் இறந்து பதினோராண்டு கழிந்தபின்னர் வெளிவந்தது. 1900இற் கண்டெடுத்த சான்று அறிஞர் கைக்கெட்ட அரை நூற்றாண்டு சென்றது.

எனினும் வாசிப்புக்கான அடிப்படை அமைதியாக வளர்ந்தது. அமெரிக்க அறிஞராகிய அலிசு கோபர் என்னும் அம்மையார், இவ்வெழுத்துகள் எழுதிய மொழியிற் சொற்கள் இறுதி திரியும் இயல்பின என்பதை 1940களிற் கணக்கிட்டு நிறுவினார். அவர் 1950இற் காலமானார். கட்டடக்கலைஞராகிய மைக்கேல் வென்றிசு, பதினான்கு வயதிற் கிழவராகிய எவன்சின் வாய்மொழியைக் கேட்டதுமுதல் இவ்வெழுத்திலேயே உள்ளம் பறிகொடுத்தவர். எழுத்துகளை உயிர், மெய் உறவின்படி கட்டங்களில் நிரைப்படுத்தி, சில சொற்கள் கிறீற்றின் ஊர்ப்பெயர்களாகலாம் என்று கொண்டு பார்த்தார். அம்னிசோசு, துலிசோசு, பைசுதோசு என்னும் பெயர்களோடு 'கோ-நோ-சோ' எனக் கினோசசின் பெயரும் வெளிப்பட்டது. அவ்வொலிகளை ஏனைய சொற்களிற் பெய்தபோது, அவர் எதிர்பாராத முடிவு தோன்றிற்று. அம்மொழி கிரேக்கமே. 1952ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் வானொலி வாயிலாக அவர் இதனை அறிவித்தார். யோன் சட்விக் என்னும் மொழியறிஞர் துணையுடன் விரிவான நூல் 1956இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே முப்பத்துநான்கு வயதினராகிய வென்றிசு வீதி விபத்தில் உயிர் நீத்தார்.

பலகைகள் வாசிக்கப்பட்டபோது கதைகளை எதிர்பார்த்தோர் ஏமாற்றமடைந்தனர். மினோசின் பெயரோ, தீசியசின் வரவோ, மினோற்றோரின் கொடுமையோ அவற்றில் இல்லை. அவை கணக்கர் எழுதிய குறிப்புகள். எந்த மேய்ப்பன் வசம் எத்தனை ஆடுகள், அவை தரவேண்டிய மயிர் எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்பன அவற்றிற் காணப்படுகின்றன. அவ்வாறு கணக்கிலேறிய ஆடுகளின் தொகை ஓரிலட்சம் அளவினது. நெசவுசாலைகளிற் பணி செய்த பெண்களும் அவர்தம் பிள்ளைகளும் எண்ணப்பட்டனர். தேர்களும் வாள்களும் எண்ணப்பட்டன. காளைகளும் உள. ஆயின் அவை கடலினின்றெழுந்த தெய்வக் காளைகளல்ல, ஏரிழுக்கும் எருதுகள். கறுப்பன் எனப் பொருள்படும் பெயர் ஒன்றுக்கு இடப்பட்டிருந்தது. கதையிலே மனிதரை விழுங்கிய காளை, கணக்கேட்டிலே பெயர் சொல்லி அழைக்கப்பட்ட உழவுமாடாகக் காட்சியளிக்கின்றது. அரசர் பெயர்களைத் தேடுவோர்க்கு இஃது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மாளிகையைத் தாங்கி நின்றோர் யாவர் என்பதை இக்குறிப்புகளே உணர்த்துகின்றன. ஓவியத்தில் இடம்பெறாத மேய்ப்பரும் நெசவுப் பெண்டிரும் இக்களிமண்ணிலேயே இடம் பெற்றனர்.

அவ்வாறாயினும் கதை முற்றாகப் பொய்த்துவிடவில்லை. தெய்வங்களுக்கு அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் குறிக்கும் சிறிய பலகையொன்றில் இரண்டு வரிகள் உள. எல்லாத் தெய்வங்களுக்கும் தேன் ஒரு சாடி என்பது முதல்வரியின் கருத்து. இரண்டாம் வரி, 'தபுரிந்தோ' என்பதன் தலைவிக்குத் தேன் ஒரு சாடி எனக் கூறுகின்றது. அச்சொல் இலபிரிந்து என்பதன் பழைய வடிவே என்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை. இலபிரிந்து என்பது கிரேக்கப் புலவர் புனைந்த பெயரன்று. வெண்கலக் காலத்திலேயே கினோசசிற் பெண்தெய்வமொன்று உறைந்த இடத்தின் பெயராக அது வழங்கிற்று. இவ்வாறே அம்னிசோசுத் துறையில் மகப்பேற்றுத் தெய்வமாகிய எலியுதியாவுக்கும் தேன் அனுப்பப்பட்டது. அத்தெய்வத்தின் குகை அத்துறையில் இருந்ததை ஓமரும் அறிந்திருந்தார். ஐந்து நூற்றாண்டு இடைவெளியைக் கடந்து ஒரு பெயரும் ஓர் இடமும் வாய்மொழியாக வந்து சேர்ந்தமை இதனாற் புலனாகின்றது. பெயர் நின்றது, பொருள் திரிந்தது. தேன்பெற்ற தலைவி மறைந்தாள். அவளிடத்தே இரத்தம் வேண்டிய பூதம் புகுந்தது.

கினோசசிற் கிரேக்க மொழியிற் கணக்கெழுதப்பட்டமை, பெருநிலத்தார் அங்கு ஆட்சி செலுத்தினர் என்பதைக் காட்டிற்று. வேசும் பிளேகனும் கூறியதே உண்மையாயிற்று. கி. மு. 1450 அளவில் தீவின் ஏனைய மாளிகைகள் தீக்கிரையாயின. கினோசசு மட்டும் தொடர்ந்து நிலவி, பெரும்பாலும் கி. மு. 14ஆம் நூற்றாண்டில் இறுதியழிவை எய்தியது. வடக்கேயுள்ள தேரா எரிமலையின் பெருவெடிப்பே மினோவரின் வீழ்ச்சிக்குக் காரணமென மரினாற்றோசு 1939இல் எடுத்துரைத்தார். அவரே 1967இல் அத்தீவின் அக்குரோத்திரியிற் சாம்பலடியிற் புதைந்த நகரத்தை அகழத் தொடங்கினார். ஆயின் அவ்வெடிப்பு கி. மு. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 16ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனவும், அதன்பின்னரும் கிறீற்றின் மாளிகைகள் நெடுங்காலம் செழித்திருந்தன எனவும் இன்று அறியப்படுவதால், ஒரே காரணத்தால் வீழ்ச்சி நேர்ந்தது என்னும் எளிய விளக்கம் நிலைபெறவில்லை.

மினோவர் போரறியாத மென்குணத்தோர் என்ற எவன்சின் சித்திரமும் இவ்வாறே மாறிற்று. 1979இற் கினோசசுக்குத் தெற்கே, யுக்தாசு மலைச்சாரலிலுள்ள அனெமோசுப்பிலியாவில், கி. மு. 1700 அளவில் நிலநடுக்கத்தால் இடிந்த வழிபாட்டு மனையொன்றைச் சக்கெல்லராக்கிசு தம்பதியர் அகழ்ந்தனர். அங்கு ஓரிளைஞனின் எலும்புக்கூடு தாழ்ந்த மேடையொன்றின்மீது வெண்கலப் படைக்கலத்துடன் கிடந்தது. நரபலி நிகழ்ந்தது என்பது அவர்கள் முடிவு. அக்காலத்தை ஒட்டியே கினோசசின் வீடொன்றிற் பீற்றர் வாரன் கண்ட சிறுவர் எலும்புகளிற் கத்திக் கீறல்கள் காணப்பட்டன. இவற்றுக்கு வேறு விளக்கம் கூறுவோரும் உளர். ஆயினும் ஏழிளைஞர் ஏழு கன்னியர் கதையைக் கேட்டு நகைத்துத் தள்ளியோர் இச்சான்றுகளின் முன் சற்றே தயங்கவேண்டியவராயினர். அதே வேளையில், இவ்வெலும்புகள் தீசியசின் கதையை மெய்ப்பிக்கின்றன எனக் கூறுதலும் எவன்சு செய்த பிழையை மீளச் செய்வதாகவே முடியும்.

மினோவர் யாவர் என்னும் வினாவுக்கும் ஒரு விடை கிடைத்துள்ளது. பழைய எலும்புகளிலிருந்து பெற்ற மரபணுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, மினோவரும் மைசீனியரும் நெருங்கிய உறவினர். இருவர்க்கும் முன்னோருட் பெரும்பாலோர் ஈசியன் பகுதியிலும் சின்னாசியாவின் மேல்பாலும் வாழ்ந்த புதிய கற்கால உழவர். எனவே நாகரிகம் எங்கிருந்தோ வந்திறங்கியதன்று. அம்மண்ணிலேயே நெடுங்காலம் வேர்கொண்டு வளர்ந்தது. எனினும் உறவு வேறு, மொழி வேறு. மினோவர் தம் மொழியை எழுதிய வரிவடிவ எழுத்து 'அ' இன்றுவரை பொருள் விளங்காமலே உள்ளது. அதன் குறிகள் பலவற்றின் ஒலியை ஊகிக்கலாம். சொற்களின் பொருளை அறியுமாறில்லை.

கினோசசின் வரலாற்றில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது இதுவேயாம். அந்நகரைப்பற்றி முதலிற் பேசியவர் ஏதென்சு நகரத்தார். அவர்கள் தம் வீரனை உயர்த்தும்பொருட்டுப் பேசினர். பின்னர்ப் பேசியவர் எவன்சு. அவர் தம் காலத்தவர் விரும்பிய அமைதியும் அழகும் நிறைந்த உலகத்தை அங்குக் கண்டார். பலகைகள் வாய்திறந்தபோதும் ஒலித்தது வென்றவரின் மொழியே. மாளிகையைக் கட்டியோர், காளையைத் தாண்டியோர், இலபிரிந்தின் தலைவிக்கு முதன்முதல் தேன் படைத்தோர் ஆகியோர் தம்மைப்பற்றித் தாமே எழுதிய சொற்கள் நூதனசாலைகளில் வாசிப்பாரின்றி இருக்கின்றன. 2025ஆம் ஆண்டிற் கினோசசும் ஏனைய ஐந்து மினோவ மாளிகை மையங்களும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவ்விடம் காக்கப்படுதல் நன்றே. அங்கு வாழ்ந்தோரின் குரலைக் கேட்டல் இன்னும் எஞ்சியுள்ள பணியாகும்.

பழங்கதை ஆராய்ச்சியாளனுக்கு அரியாத்னேயின் நூல் போன்றது. அதனைப் பற்றியே இருண்ட வழியினுள் அவன் புகவேண்டும். அதனை அறுத்தெறிவோன் வழி தவறுவான். ஆனால் நூல் வழியைக் காட்டுமேயன்றி, உள்ளே இருப்பது இன்னதெனக் கூறாது. அதனைத் தன் கண்ணாற் கண்டறிதலும், கண்டதை உள்ளவாறு உரைத்தலும், காணாததைக் கண்டதாகக் கூறாதிருத்தலும் அவன் கடமையாகும்.